அப்பம்மாவுக்கு ஏன் நன்மை கொடுக்கவில்லை?

நான் முதல் நன்மை (பூசையில் பாதர் கொடுக்கும் நற்கருணை அப்பம்) வாங்கிய நாளில் அப்பம்மாவும் கத்தோலிக்கக் கோயிலுக்கு வந்திருந்தார். அவர் வேதக்காரி, அதாவது கிறிஸ்தவர், இல்லை. மாமாங்கத்துப் பிள்ளையாரையும் ஊர்க் கண்ணகி அம்மனையும் கும்பிடுகிறவர். எங்கள் வீட்டுக்குள் வேதம் வந்தது அம்மா வழியில். பூசையின் கடைசிப் பகுதியில் எல்லோரும் எழுந்து வரிசையில் போவதைப் பார்த்ததும் அவரும் எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சின்னம்மாவுக்குப் பின்னால் நின்றுவிட்டார். அவர் முறை வந்தபோது சின்னம்மா பாதரிடம் ஏதோ மெல்லச் சொன்னார். பாதர் அப்பம்மாவின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்: "ஏன் மனே, எனக்கு மட்டும் பிரசாதம் தரல்ல? நான் முழுகித்தானே வந்தனான்?"

"அது அப்படித்தான் மாமி" என்று அம்மா சமாளித்தார். வெள்ளை உடுப்போடு இருந்த எனக்கும் பதில் தெரியவில்லை. வேத பாடத்தில் கேள்வி பதிலாக எல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். இந்தக் கேள்வி மட்டும் அதில் இருக்கவில்லை.

அப்பம்மா 'பிரசாதம்' என்று சொன்னதில் பிழையும் இல்லை. பழைய தமிழ்க் கத்தோலிக்கர் இதைச் 'சற்பிரசாதம்' என்றுதான் சொன்னார்கள். பூசை என்ற சொல்லும் சைவக் கோயிலிலிருந்து வந்ததுதான். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்டோ தெ நோபிலி, போர்த்துக்கீசச் சொற்களை அப்படியே தமிழர் வாயில் திணிப்பதை விட்டு, நம்மிடம் இருந்த சொற்களைத் தேடி எடுத்தவர். முதுமையில் சில காலம் யாழ்ப்பாணத்திலும் இருந்தார். அந்த வழியில் வந்தவைதான் நாம் இன்று பேசும் பல சொற்கள். இப்போது சபைக்குச் சபை பெயர் வேறு. கத்தோலிக்கருக்கு நற்கருணை, வீட்டுப் பேச்சில் நன்மை. மெதடிஸ்தருக்குத் திருவிருந்து. பெந்தெகொஸ்தே சபைகளில் இராப்போஜனம், அல்லது கர்த்தருடைய பந்தி. எல்லாம் ஒரே இரவைச் சுட்டும் சொற்கள்.

சொற்களில் எனக்குப் பிடித்த குழப்பம் 'அப்பம்'. வேதாகமத்தில் இயேசு அப்பத்தை எடுத்துப் பிட்டார் என்று வாசிப்பார்கள். மட்டக்களப்புப் பிள்ளைக்கு அப்பம் என்றால் காலையில் தாச்சியில் சுடுகிற, ஓரம் முறுகிய அப்பம். முட்டை ஊற்றியும் சுடலாம். இயேசு பிட்டது அதுவல்ல, அது பாண் மாதிரி ஒன்று என்று யாராவது சொல்லும்வரை நானும் பாலப்பத்தைத்தான் நினைத்திருந்தேன். பாண் என்ற சொல்லோ போர்த்துக்கீசரிடமிருந்து வந்தது. பூசையை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தவர்களின் சொல் பேக்கரிக்குப் போய்விட்டது. நம் அடுப்படிச் சொல் பீடத்துக்கு ஏறிவிட்டது.

சரி, பிரசாதத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

முதலில் ஒற்றுமையைச் சொல்ல வேண்டும். படையல் வைக்கிறோம், அது தெய்வத்திடம் போகிறது, அருளோடு திரும்பி நம் கைக்கு வருகிறது. பூசையிலும் மக்கள் நடுவிலிருந்து அப்பமும் திராட்சை இரசமும் காணிக்கையாகப் பீடத்துக்குப் போகின்றன. பிறகு அதே மக்களிடம் திரும்பி வருகின்றன. போய் வருகிற அந்த அசைவு ஒன்றேதான். ஆனால் பிரசாதம் வாங்குகிறவரிடம் எதையும் கேட்பதில்லை. வந்தவர், போகிறவர், வழிப்போக்கர் எவருக்கும் அது கிடைக்கும். அதுதான் அதன் அழகு. நற்கருணையில் ஒரு கேள்வி இருக்கிறது. கொடுக்கிறவர் "கிறிஸ்துவின் உடல்" என்கிறார். வாங்குகிறவர் "ஆமென்" என்கிறார். ஆமென் என்றால் ஆம், அப்படியே. ஏறக்குறைய காணி உறுதியில் கையெழுத்து வைப்பது போல. பழைய காலத்து ஆயர் அகுஸ்தீனார் தன் மக்களுக்குச் சொன்ன விளக்கத்தில், அந்த 'உடல்' பீடத்தில் இருப்பது மட்டுமல்ல, வாங்க வந்திருக்கும் நீங்களும்தான் என்பார். அப்படியானால் அந்த வரிசையில் போவது, 'நானும் இந்த உடலில் ஒருவர்' என்று ஊரறியச் சொல்வது. அப்பம்மா அதைச் சொல்ல வரவில்லை. பேரப்பிள்ளையின் நல்ல நாளில் பங்கெடுக்க வந்தார். பாதர் ஆசீர்வாதம் கொடுத்தது அதனால்தான்.

இந்தப் பதில் ஓரளவுக்குத்தான் திருப்தி தருகிறது. ஏனென்றால் இந்தப் பந்தி தொடங்கிய விதத்தைப் பார்த்தால், யார் வரலாம் என்பதைவிட, வந்தவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி நடத்தினார்கள் என்பதுதான் முதல் சண்டை.

இயேசுவின் கடைசி இரவுணவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து நற்செய்தி நூல்களில் இல்லை. ஆதிக் கிறிஸ்தவப் போதகர் பவுல் கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய முதலாம் கடிதத்தில் இருக்கிறது; ஏறக்குறைய கி.பி. 54. நற்செய்திகள் அதற்குப் பிறகு எழுந்தவை. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் அதைப் பாஸ்கா விருந்தாகச் சொல்கிறார்கள்: எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து அவசரமாகக் கிளம்பியதால் மா புளிக்க நேரமில்லாமல் சுட்ட அப்பத்தை நினைத்து, யூதர் ஆண்டுதோறும் உண்ணும் விருந்து. யோவான் மட்டும் வேறு பாதை. அவர் அந்த இரவைப் பாஸ்காவுக்கு முன்னால் வைக்கிறார். அப்பம் பிட்கும் காட்சியே அதில் இல்லை. அந்த இடத்தில் இயேசு துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவுகிறார்.

பவுலின் கடிதத்துக்கு வருவோம். கொரிந்தில் சபை கூடியது வசதியானவர்களின் வீடுகளில். நேரம் உள்ளவர்கள் முன்னதாக வந்து, கொண்டுவந்ததைத் தாங்களே உண்டு குடித்து முடித்துவிட்டார்கள். அடிமைகளும் கூலிகளும் வேலை முடிந்து வரும்போது பாத்திரம் காலி. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் எரிந்து விழுகிறார். நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்கிறார். அந்தக் கோபத்தின் நடுவில்தான், நான் பெற்றுக்கொண்டதை உங்களுக்கும் ஒப்புவித்தேன் என்று, இயேசு அப்பத்தை எடுத்து, நன்றி கூறி, பிட்டு, "என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்" என்று சொன்ன கதையை எழுதுகிறார். இன்று பீடத்தில் பக்தியோடு சொல்லப்படும் அந்த வரிகள் முதலில் ஒரு பந்திச் சண்டைக்காக எழுதப்பட்டவை.

கல்யாண வீட்டில் முதல் பந்தியில் யார் உட்கார்ந்தார்கள், யாரைக் கடைசிப் பந்திக்குத் தள்ளினார்கள் என்று பத்து வருடம் பேசாமல் இருக்கும் குடும்பங்கள் நம் ஊரில் உண்டு. அந்த ஊர்க்காரருக்குக் கொரிந்தியர் கடிதம் விளங்காமல் போக வழியில்லை. ஆண்டவரின் உடல் இன்னதென்று நிதானித்து அறியாமல் உண்பவன் தனக்கே தண்டனையைத் தேடிக்கொள்கிறான் என்று பவுல் எழுதும்போது, எந்த உடல்? அப்பமா, பசியோடு வாசலில் நிற்கும் கூலியாளா? அறிஞர்கள் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். என் வாசிப்பில் பவுல் இரண்டையும் பிரிக்கவே இல்லை. அதற்கு முந்தைய அதிகாரத்தில்தான், அப்பம் ஒன்று என்பதால் பலராகிய நாம் ஒரே உடல் என்று எழுதியிருக்கிறார்.

தமிழ்க் கிறிஸ்தவம் இந்த இடத்தில் நன்றாகவே இடறியது. தென்னிந்தியாவில் சாதி பார்த்துத் தனித்தனியே உட்கார்ந்து, திருவிருந்தையும் அதே ஒழுங்கில் எடுத்தார்கள். கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதியபோது, ஏற்றுக்கொள்ளாமல் வெளியேறியவர்கள் கொஞ்சம் பேரல்ல. கத்தோலிக்கர் பக்கமும் சுத்தமில்லை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒன்றாக இரண்டு கூடங்கள் வைத்தே கோயில் கட்டினார்கள். இரண்டும் ஒரே பீடத்தில் வந்து முட்டும். பிரித்து நின்ற தடுப்பு 1910இல்தான் அகன்றது.

அப்பம் உண்மையில் என்ன ஆகிறது என்ற விவாதத்துக்கு ஐரோப்பாவில் இரத்தம் சிந்தியிருக்கிறார்கள். இங்கே அதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கர்: காண்பது, தொடுவது, சுவைப்பது எல்லாம் அப்பமாகவே இருக்கும், ஆனால் அது என்னவாக இருக்கிறது என்பது மாறிவிடுகிறது. 1215இல் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் இந்த மாற்றத்துக்கான சொல்லைத் தன் அறிக்கையில் எடுத்தாண்டது. 1551இல் திரெந்து சங்கம் உறுதி செய்தது. தட்டார் கடைப் பெட்டியில் கிடக்கும் தாலியும் கழுத்தில் ஏறிய தாலியும் ஒரே பவுன்தான், ஆனால் ஒன்றா? இப்படி நான் ஒருமுறை உவமை சொல்ல, படித்த பாதர் ஒருவர் தலையாட்டவில்லை. தாலியில் மாறுவது நாம் கொடுக்கும் மதிப்பு, இங்கே மாறுவது பொருளே என்றார். உவமை அங்கேயே நின்றுபோனது. மறுபக்கம் சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தவாதி சுவிங்கிளி: இது நினைவுச் சின்னம், அவ்வளவுதான். நடுவில் ஜெர்மன் சீர்திருத்தவாதி லூதர். 1529இல் மார்பர்க் நகரில் இருவரும் சந்தித்தபோது லூதர் மேசையில் 'இது என் உடல்' என்று சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துவிட்டுத்தான் பேசவே தொடங்கினாராம். பதினைந்து அம்சங்களில் பதினான்கில் ஒத்துப்போனார்கள். பதினைந்தாவது திருவிருந்து. அதில் பிரிந்தவர்கள் பிரிந்தவர்கள்தான்.

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் ஞாயிறு காலை நடந்தால் அந்தப் பிரிவு கண்ணுக்குத் தெரியும். மரியாள் பேராலயத்தில் பூசை. கொஞ்சத் தூரத்தில் மெதடிஸ்த ஆலயம். 1814இல் இந்தப் பக்கம் வந்த வில்லியம் ஓல்ட் என்ற இளம் மிஷனரி ஓராண்டுகூட நின்று பிடிக்கவில்லை. 1815 ஏப்ரலில் இறந்துபோனார். அதற்குள் அவர் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் மெதடிஸ்த மத்திய கல்லூரி. அவர் பின்பற்றிய, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி, திருவிருந்தை அடிக்கடி எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். அது விசுவாசம் உள்ளவரைப் பலப்படுத்துவது மட்டுமல்ல, இல்லாதவருக்கு விசுவாசத்தைக் கொடுக்கவும் வல்லது என்று நம்பியவர். கத்தோலிக்க முறையில் ஞானஸ்நானம், மறைக்கல்வி, பாவசங்கீர்த்தனம் எல்லாம் தாண்டித்தான் பந்தி. வெஸ்லியின் கணக்கில் பந்தியே வாசலாகவும் இருக்கலாம். அப்பம்மாவுக்கு வெஸ்லியைத் தெரிந்திருந்தால் பிடித்திருக்கும்.

மெதடிஸ்தரிடம் திராட்சைச் சாறுதான் வழக்கம், மது இல்லை. அதற்கும் ஒரு கதை உண்டு: 1869இல் அமெரிக்காவில் தோமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்தர், திருவிருந்துக்காகவே திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் காய்ச்சி அடைக்கும் முறையைக் கண்டார். இன்று கடையில் போத்தலில் விற்கும் திராட்சைச் சாற்றின் பூர்வீகம் அந்தப் பீடம். பெந்தெகொஸ்தே சபைகளில் சின்னச் சின்னக் கோப்பைகளில் கொடுப்பார்கள். பெரும்பாலும் மாதத்தில் ஒரு ஞாயிறு. ஒவ்வொருவரும் தன்னைத்தானே சோதித்தறிந்து எடுக்கட்டும் என்று பாஸ்டர் முன்கூட்டியே எச்சரிப்பார். யாரோடாவது மனத்தாங்கல் என்றால் அன்றைக்குக் கை நீட்டாமல் உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

கத்தோலிக்க ஒழுங்குகள்தான் அதிகம் வெளியே தெரியாதவை. வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் உண்ணக்கூடாது. 1964இல்தான் இது ஒரு மணி நேரமானது. 1953க்கு முந்திய தலைமுறை நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூட இல்லாமல் கிடந்தது. பழைய ஆட்கள் விடியற்காலைப் பூசைக்கு ஓடியதற்குப் பக்தியோடு பசியும் ஒரு காரணம். பிள்ளைகளுக்கு ஏழு வயதளவில் கொடுக்கலாம் என்று 1910இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திறந்துவிட்டார். அதற்கு முன் பல இடங்களில் பன்னிரண்டு, பதினான்கு வயதுவரை காத்திருக்க வேண்டும்.

அப்புறம் கை. நாக்கில் வாங்குகிறவர்களும் உண்டு, கையில் வாங்குகிறவர்களும் உண்டு. கையில் வாங்கும்போது இடக் கையை மேலே வைத்து வாங்கி, வலக் கையால் எடுத்து வாயில் போடுவதுதான் இன்றைய வழக்கம். "சாமி தாறத இடக் கையிலயா வாங்குற?" என்று அப்பம்மா அன்றைக்கே கேட்டார். நாலாம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் சிரில் கற்பித்தது வேறு: அரசரை ஏற்கப் போகும் வலக் கைக்கு இடக் கையை அரியணையாக்கு. வலக் கை மேலே, இடக் கை கீழே தாங்கி. கோயிலில் திருநீறு வாங்குகிற அதே கை. சிரிலும் அப்பம்மாவும் ஒரே கட்சி.

இன்னொரு விதி இந்த மண்ணில் விசித்திரமாக நிற்கிறது. அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாக இருக்க வேண்டும், இரசம் திராட்சையிலிருந்து. கோதுமையின் பசைச்சத்தை முழுக்க நீக்கிய ஓஸ்தி (பூசைக்கான அப்பம்) செல்லாது என்று 2017இல் வத்திக்கான் மறுபடி நினைவூட்டியது. மட்டக்களப்பும் அம்பாறையும் நெல்லில் வாழும் மாவட்டங்கள். பெரும்போகம் வெட்டி முடிந்ததும் புதிரில், புது அரிசியில், பொங்குகிறோம். கோதுமை இங்கே விளைவதில்லை, கப்பலில் வருகிறது. உழைப்பின் கனி என்று சொல்லி நீட்டுகிற அப்பம் இங்குள்ள யாருடைய வயலிலும் விளைந்ததல்ல. அரிசியில் செய்தால் என்ன என்று ஆசியாவில் பலர் கேட்டுவிட்டார்கள். அவர் கையில் எடுத்ததைத்தான் நாமும் எடுக்கிறோம் என்பது திருச்சபையின் பதில். பதில் விளங்குகிறது. ஆனாலும் சொறிக்கல்முனை போன்ற ஓர் ஊரில், சுற்றிலும் நெல் வயல் இருக்க, பீடத்தில் மட்டும் வெளிநாட்டுத் தானியம் இருப்பதைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு சிறு முறுகல் இருக்கத்தான் செய்கிறது.

இன்னும் கடினமான விதி, குரு இல்லாமல் நற்கருணை இல்லை என்பது. ஞானஸ்நானத்தை அவசரத்துக்கு யாரும் கொடுக்கலாம். இதை முடியாது. போர்த்துக்கீசரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள். பிறகு தங்கள் ஆட்சிக்குட்பட்ட இடங்களில் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்தார்கள். செபமாலையை வீட்டில் உருட்டலாம், பிள்ளைக்குப் பெயர் வைக்கலாம், ஆனால் நன்மை வாங்க வழியில்லை. 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகள் ஏழை வேடத்தில் இந்தத் தீவுக்குள் நுழைந்தது அந்தப் பசிக்காகத்தான். 2015இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள்.

கலப்புக் கல்யாணங்கள் நிறைந்த ஊர் இது. மனைவி கத்தோலிக்கர், கணவர் மெதடிஸ்தர் என்றால் மெதடிஸ்தப் பந்தி பொதுவாக இருவருக்கும் திறந்திருக்கும். கத்தோலிக்கத் திருச்சட்டமோ சாவு ஆபத்து போன்ற சில நிலைமைகள் தவிர்த்து மற்றச் சபையாருக்குக் கொடுக்க அனுமதிப்பதில்லை. தன் மக்கள் அங்கே போய் வாங்குவதையும் ஏற்பதில்லை. ஒரே பாயில் உட்கார்ந்து சோறு தின்கிற இருவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெவ்வேறு பந்தி. வெளியிலிருந்து பூசைக்கு வருகிறவர்களுக்கு ஒரு சின்னத் தகவல்: கல்யாணப் பூசையிலோ அடக்கப் பூசையிலோ வரிசையில் போக ஆசையிருந்தால் இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு போகலாம். பல கோயில்களில் பாதர் புரிந்துகொண்டு ஆசீர்வாதம் தருவார். இதை யாராவது அன்றைக்கு அப்பம்மாவிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

இந்த ஊரில் பீடத்தின் பக்கத்தில் இரத்தமும் உண்டு. 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், மரியாள் பேராலயத்தில், நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் நன்மை வாங்கிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பிய நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவியும் காயப்பட்டார். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலை, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர் அதில் போனார்கள்.

அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28, பொதுப் பூசைகள் நிறுத்தப்பட்டிருந்தன. கொழும்பில் கர்தினால் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அம்மா தலைக்கு முக்காடு போட்டு, நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் முழங்காலில் இருந்தார். பூசையில் நன்மை நேரம் வந்தது. அங்கே சிலர் வாங்கினார்கள். வாங்க முடியாதவர்கள் ஆசையால் மட்டும் வாங்குவதற்கென்று பழைய செபம் ஒன்று இருக்கிறது, ஆன்மீக நற்கருணை என்று பெயர். அம்மா அதைச் சொன்னார். சொல்லிவிட்டு வழக்கம்போலக் கையை நீட்டப் போய், பாதியில் மடக்கிக்கொண்டார்.

"மாமி அண்டைக்கு இப்படித்தான் நிண்டிருப்பா, என்ன?" என்றார் என்னிடம்.